கோழி மருந்து

முதலில் தப்புப் பண்ணியவன் என் தங்கச்சி புருஷன் பழனியப்பன். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. நான் சொல்வதைப் பாதியில் கேட்டுவிட்டு, எல்லாத்துக்கும் இந்தக் கிழவன்தான் காரணம் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது.

பயப்படாமல் உட்காருங்கள். கூடைக்கு மூடி போட்டுக் கட்டித்தான் வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பது பாம்புதான். ஆனால் கடிக்கிற சாதி இல்லை. கடிக்கிற தெம்பும் இப்போது அதற்கு இல்லை. உங்கள் நாயை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கென்ன, காதில் உண்ணியா? தலையை உதறுகிற உதறலிலேயே தெரிகிறது. இதற்கும் அந்த மாதிரிதான். பாம்புக்கு உண்ணி வருமா என்று பார்க்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வருகிறது. உண்ணியைவிடப் பொடிசு, கறுப்பாக, மிளகுத்தூள் மாதிரி. கோழிக்கு வந்தால் எங்கள் பக்கம் செல்லு என்போம். நான் கோழிப் பண்ணையில் சூப்பர்வைசராக இருந்து தலை நரைத்தவன். செல்லு பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழனியப்பனிடம் வருகிறேன். அவன் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறான். இப்போது நாலு வண்டி. அப்போது ஒரு வண்டிதான், ஆனால் அந்த ஒரு வண்டிக்கே அவன் நடை மாறிவிட்டது. அவனுக்கும் என் தங்கச்சிக்கும் ஒரே பெண், பிரதீபா. அவளுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்தினார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் வாங்கி வந்த தோடுதான் முதலில் காதில் ஏற வேண்டும். அதற்கு மாமனைக் கூப்பிட அப்பன்காரன் வெற்றிலைத் தட்டோடு நேரில் வர வேண்டும். வந்தானா? வரவில்லை. தங்கச்சியை அனுப்பினான். "அவருக்கு வண்டி ஆந்திராப் பக்கம் ஓடுதுண்ணா, வர முடியல, நீ தப்பா நெனைக்காதே" என்று அவள் வந்து நின்றாள். காது குத்துகிற அன்றைக்குக் காலையில் ஜீப் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஜீப் வந்தது. ஆனால் அதில் வந்தவன் யார்? டிரைவர். "மொதலாளி கூட்டிட்டு வரச் சொன்னாருங்க" என்கிறான். டிரைவர் கூப்பிட்டு ஏறிக்கொண்டு போகிற ஆளா நான்? திருப்பி அனுப்பிவிட்டேன். புது வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, தோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாசலிலேயே நின்றேன். அவனே வந்து இன்னொரு தடவை கூப்பிடுவான் என்று நின்றேன். கூப்பிடவில்லை. கடைசியில் மனசு கேட்காமல் பஸ் பிடித்துப் போனேன். போய்ச் சேரும்போது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பங்காளி மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். நல்ல நேரம் முடிந்துவிடுமாம். குழந்தை அழுது அழுது காதைப் பிடித்துக்கொண்டே தூங்கியிருந்தது.

பழனியப்பன் என்னைப் பார்த்தான். "வாங்க மச்சான்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் திரும்பி வந்துவிட்டேன். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தத் தோடு இன்றைக்கும் என் பெட்டியில்தான் இருக்கிறது. நல்லது கெட்டது எதற்கும் நான் அங்கே போனதில்லை, அவன் இங்கே வந்ததில்லை. தங்கச்சி மட்டும் வருஷத்துக்கு ஒரு தரம் வந்து அழுதுவிட்டுப் போவாள்.

அந்தக் குழந்தைதான் போன மாசம் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஸ்கூட்டியில் வந்தாள். முன்னால் ஒரு கூடை, இதே கூடை. "மாமா, என்னைத் தெரியுதுங்களா?" என்றாள். தெரியாமலா. என் அம்மாவின் முகம் அப்படியே. சேலத்தில் ஏதோ கம்பெனியில் வேலையாம். பெங்களூரில் பயிற்சிக்குப் போகிறாளாம், அதுவரைக்கும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அப்பா பாம்போடு வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

"உங்கப்பனுக்குப் பாம்புன்னா பயமா?" என்று கேட்டேன்.

"படத்துல பார்த்தாலே சேனல மாத்திருவார் மாமா" என்றாள்.

தம்பி, எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நாலு ரிக் வண்டிக்காரன் முடியாது என்று சொன்னதை நான் செய்யப்போகிறேன். அதற்காகத்தான் சரி என்றேன். வேறொன்றும் இல்லை. அவள் "மாமா, மாமா" என்று வாய்க்கு வாய் கூப்பிட்டதற்காக என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். அவள் ஆயிரம் சொல்வாள்.

பாம்பின் பெயர் போண்டா. சிரிக்காதீர்கள், நானும் சிரித்தேன். தொட்டால் சுருண்டு உருண்டை ஆகிவிடும், தலையை உள்ளே வைத்துக்கொள்ளும். நிறமும் அப்படித்தான் இருக்கும். நம் ஊர்ப் பாம்பு இல்லை, ஆப்பிரிக்கா வம்சமாம். வைத்துக்கொள்ள அரசாங்கத்தில் பதிவெல்லாம் செய்திருக்கிறாள். கண்ணாடித் தொட்டி, அடியில் வெள்ளைத் துணி, ஒரு தண்ணீர்ச் சட்டி. வாரத்துக்கு ஒரு எலி, அதுவும் ஐஸில் வைத்தது. என் வீட்டுக்காரி தெய்வாத்தாள் மோர்ப்பானையைக் கூட அந்த ஃபிரிட்ஜில் வைக்க மாட்டேன் என்று பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

பிரதீபா போகும்போது தெளிவாகத்தான் சொன்னாள். "துணி மாத்துங்க, தண்ணி மாத்துங்க, எலி வைங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம் மாமா. எதுவா இருந்தாலும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க." சொன்னாள். சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

அவள் போன பிறகு ஒரு நாள் கண் பரிசோதனைக்குச் சேலம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மீன், கிளி எல்லாம் விற்கிற ஒரு கடை. அங்கே ஒரு தொட்டியில் இதே சாதிப் பாம்பு, ஒரு கட்டையின் மேல் படுத்திருந்தது. அதென்ன கட்டை தெரியுங்களா? ஆற்றில் கிடந்து வழவழப்பாகி, நடுவில் பொந்து விழுந்து, பார்க்க அத்தனை அழகு. நம் போண்டா வெறும் துணியில் கிடக்கிறதே என்று தோன்றியது. பிரதீபா திரும்பி வந்து பார்த்தால் முகம் எப்படி இருக்கும் என்றும் தோன்றியது. பிறந்ததிலிருந்து அவளுக்கு நான் ஒன்றும் செய்ததில்லை. செய்ய விட்டால்தானே. "புதுக் கட்டை தர்றனுங்க" என்றான் கடைக்காரன். புதுசு வேண்டாம், அந்தப் பாம்பு படுத்திருக்கிற கட்டைதான் வேண்டும் என்றேன். அந்தப் பாம்பைத் தூக்கி வேறிடத்தில் போட்டுவிட்டுக் கட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். வெந்நீரில் போட்டு, வெயிலில் காயவைத்துப் போடச் சொன்னானா இல்லையா என்று சரியாக ஞாபகம் இல்லை. சொன்ன மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அவன் ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா? வாங்க வரும் கிழவனிடம் ஒரு அதட்டு அதட்டிச் சொல்ல வேண்டாமா? நான் கழுவவில்லை. கழுவினால் அந்த வழவழப்புப் போய்விடும் என்று நினைத்தேன்.

போண்டா அந்தப் பொந்துக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. அவளுக்கு நான் செய்த முதல் சீர் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாள் கழித்து அது பொந்தைவிட்டு வெளியே வந்து தண்ணீர்ச் சட்டியிலேயே கிடக்க ஆரம்பித்தது. ராப்பகலாகத் தண்ணீரில். வெயிலுக்குப் படுத்திருக்கிறது என்று விட்டுவிட்டேன். எலி வைத்தேன், தொடவில்லை. துணி மாற்றும்போது பார்த்தால் வெள்ளைத் துணியில் கறுப்புப் பொடி. அந்தப் பொடி நடக்கிறது. தண்ணீரிலும் அதே பொடி செத்து மிதக்கிறது. போண்டாவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணைச் சுற்றி, தாடைக்கு அடியில், செதிலுக்குச் செதில் நடுவில் எல்லாம் உட்கார்ந்திருக்கிறது. பாவம், அதற்குச் சொறியக் கை இருக்கிறதா, கால் இருக்கிறதா.

அப்போதே போன் செய்திருக்கலாம். கையில் போனை எடுத்தேன். பிறகு யோசித்தேன். இவள் உடனே அவளுடைய அப்பனிடம் சொல்வாள். அவன் என்ன சொல்வான்? ஒரு பாம்பைக்கூட ஒழுங்காகப் பார்த்துக்கத் தெரியல, இவனெல்லாம் ஒரு தாய்மாமன், என்பான். அந்தக் குரலே காதில் கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

செல்லுதானே, இது என்ன புதுசா? பண்ணையில் கோடையில் செல்லு விழுந்தால் டிரம்மில் மருந்தைக் கலந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோழியாக இறக்கையைச் சேர்த்துப் பிடித்து, கழுத்து வரைக்கும் ஒரு முக்கு முக்கி எடுப்போம். என் கையில் ஒரு கோழி செத்ததில்லை. வேலையை விட்டு வரும்போது அரை பாட்டில் மருந்து கொண்டுவந்திருந்தேன், வீட்டுக் கோழிக்கு ஆகும் என்று. அதை எடுத்தேன்.

தெய்வாத்தாள் பார்த்துவிட்டாள். "என்னத்த கலக்கறீங்க?"

"செல்லுக்கு மருந்து."

"கோழிக்குப் போடறத அதுக்குப் போடலாமா? அந்தப் புள்ளய ஒரு வார்த்தை கேளுங்க."

"எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியுமா? சும்மா இரு."

"அப்ப அந்தக் கோழிக்குப் போடற ஊசியக் கொண்டாந்து எனக்கும் ஒண்ணு போட்டுவிடுங்க. முழங்கால் வலி போகுதான்னு பாக்கலாம்."

அவளுக்கு எப்போதும் நக்கல்தான். ஆனால் அன்றைக்கு நான் கேட்டிருக்கலாம். இல்லை தம்பி, கேட்டிருக்கத்தான் வேண்டும்.

வாளியில் கோழிக்குக் கலக்கிற அதே அளவுதான் கலந்தேன். தலைக்குக் கீழே பிடித்துக்கொண்டு உள்ளே இறக்கினேன். கோழி என்றால் உதறும், கத்தும். இது ஒன்றுமே செய்யவில்லை. என் கையைச் சுற்றிக்கொண்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சுற்றி, இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுங்களா? நம்மை நம்பிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று. அன்றைக்குக் கோயிலில் அந்தக் குழந்தை என் மடியில் உட்கார்ந்திருந்தால், தட்டான் ஊசியை எடுக்கும்போது என் கையை இப்படித்தான் பிடித்திருக்கும் என்று. நான் கிழவன், எனக்கு இப்படியெல்லாம் தோன்றுகிறது. அது எரிச்சல் தாங்காமல் பிடித்தது. அது பிறகுதான் உறைத்தது. கண்ணை மூடக்கூட முடியாதாம் பாம்புக்கு. இமை கிடையாதாம். இங்கே உள்ளே இருக்கிற டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. உடம்பு நடுங்கியது. மல்லாத்திப் போட்டால் திரும்பிப் படுக்கவில்லை, வயிற்றைக் காட்டிக்கொண்டு அப்படியே கிடந்தது. நான் அந்தக் கட்டையை எடுத்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டேன். ஈரக் கட்டை, எரிய மாட்டேன் என்று புகைந்துகொண்டே இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் பிரதீபாவே கூப்பிட்டாள். "மாமா, போண்டா எப்படி இருக்கு? காட்டுங்களேன்" என்றாள். என் போனில் காட்ட முடியாது. சொன்னேன். மேலெல்லாம் செல்லு, சாப்பிடல, தலை சாயுது கண்ணு, என்றேன். மற்றதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"என் தப்பு மாமா. நான் சரியாப் பாக்காம உங்ககிட்டக் குடுத்துட்டேன். இருந்திருக்கும் அதுக்கு மேல, அப்பவே. உங்க வீட்டுலயும் இப்ப அந்தப் பூச்சி வந்திருக்குமே. அத்தை என்ன சொல்லுவாங்க. மன்னிச்சுக்கங்க மாமா."

மன்னிச்சுக்கங்க. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து ஒருத்தர் என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்களா என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். வந்துவிட்டது. யார் சொல்ல வேண்டுமோ அவர் சொல்லவில்லை, எதற்குச் சொல்ல வேண்டுமோ அதற்குச் சொல்லவில்லை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்ல கண்ணு, விடு" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி. மன்னித்துவிட்டேன் தம்பி நான், அவளை.

ராத்திரிச் சோற்றைத் தின்ன முடியவில்லை. தெய்வாத்தாள் ஒரு நக்கல்கூட அடிக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவள் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

அவள் போனில் சொன்ன இந்த மாட்டாஸ்பத்திரிக்கு இன்று காலையில் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன்; அவளும் நேராக இங்கேயே வந்துவிடுகிறேன் என்றிருந்தாள். டாக்டரம்மா சின்னப் பெண், என் பிரதீபா வயசுதான் இருக்கும். நல்ல பெண். பாம்பை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினாள், கண்ணைத் துடைத்துவிட்டாள். "பூச்சி மட்டும் இருந்தா தலை இப்படிச் சாயாதுங்களே ஐயா. இதுக்கு மேல ஏதாவது போட்டீங்களா?" என்றாள்.

"வெறும் மஞ்சத் தண்ணிங்க" என்றேன்.

"தொட்டிக்குள்ள புதுசா ஏதாவது வெச்சீங்களா? கட்டை, வேற பாம்பு, ஏதாவது?"

"இல்லைங்க."

ஒரே மூச்சில் இரண்டு பொய். கூசவே இல்லை. "சரி, வெளிய உக்காருங்க. பூச்சிக்கு மருந்து எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். வந்ததும் கூப்பிடறேன். ஆனா ஐயா, வேற மருந்து ஏற்கெனவே பட்டிருந்தா இப்பவே சொல்லிருங்க. ரெண்டும் சேர்ந்தா இது தாங்காது" என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் நாயோடு வந்தீர்கள்.

இந்தப் பையில் என்ன இருக்கிறது தெரியுங்களா? பாருங்கள். அந்த பாட்டில்தான். காட்ட வேண்டும் என்றுதான் எடுத்து வந்தேன். பெயர், என்ன சரக்கு, எல்லாம் ஒட்டியிருக்கிறது, நான் வாயால்கூடச் சொல்ல வேண்டியதில்லை, மேசை மேல் வைத்தால் போதும். பையிலிருந்து கை வெளியே வரவில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்குப் பழனியப்பன் ஒழுங்காகத் தட்டு எடுத்து வந்து கூப்பிட்டிருந்தால், நான் அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்திருப்பேனா இல்லையா? அவள் என் வீட்டில் போக்குவரத்தாக இருந்திருப்பாளா இல்லையா? செல்லு வந்த அன்றைக்கே கூசாமல் போன் செய்திருப்பேனா இல்லையா? சொல்லுங்கள். எல்லாம் எங்கிருந்து ஆரம்பித்தது?

அதோ பாருங்கள். கேட்டுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் வந்து நிற்கிறதே வெள்ளைக் கார். இறங்குகிறாள் பாருங்கள், பச்சைச் சுடிதார். அவள்தான். பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்திருக்கிறாள், முகம் வீங்கியிருக்கிறது. காரை ஓட்டிவந்தது யார் என்று பார்த்தீர்களா. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள். தலை வழுக்கையாகிவிட்டது. இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறான். பாம்புக்குப் பயமா, எனக்குப் பயமா, அவனுக்கே வெளிச்சம்.

அவள் யாரிடமோ வழி கேட்கிறாள். எதிர்க் கட்டடத்துக்கு அல்லவா கையைக் காட்டுகிறான் அந்த ஆள். நல்லதுதான், இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

என்ன? போண்டாவா? ஆமாங்க, எங்களுதுதான். இதோ வர்றனுங்க.

கேட்டீர்களா, கூப்பிட்டுவிட்டார்கள். கம்பவுண்டர்தான் கூப்பிடுகிறார், டாக்டரம்மா இல்லை. இருக்கட்டும். இன்றைக்கு இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. இந்தக் கூடையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்கள் தம்பி, முழங்கால் பிடித்துக்கொண்டது. அந்தப் பையையும் கொடுங்கள். இல்லை, பாட்டிலைத் தனியாகவே கொடுங்கள், கையிலேயே எடுத்துப் போகிறேன். பையில் போட்டால் அது மறுபடியும் பையிலேயே இருந்துவிடும். அவள் எதிர்க் கட்டடத்திலிருந்து திரும்பி வருவதற்குள் இதை மேசையில் வைத்துவிட வேண்டும்.

கட்டையைப் பற்றியா? அதை இன்றைக்குச் சொல்ல முடியாது தம்பி. அவளிடம் தனியாகச் சொல்லலாம், என்றைக்காவது. பழனியப்பன் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல முடியாது. அவள் இங்கே வந்து உங்களிடம் மாமா எங்கே என்று கேட்டால், உள்ளே போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள்.

அவன் இறங்குகிறானா? இல்லையே. பாருங்கள், நீங்களே சாட்சி. இத்தனை தூரம் வந்தும், கார்க் கண்ணாடியை இறக்கி "என்ன மச்சான்" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தை எனக்கு வர வேண்டியது இன்னும் அப்படியேதான் நிற்கிறது.